இவள் என் மகள் என்பதற்கு ருசு என்ன?

(படிப்பகக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



வெளிநாட்டிலிருக்கும் தாய் தகப்பனிடம் பிள்ளையை அனுப்ப விசா வாங்குவதிலுள்ள கஷ்டங்களைப்பற்றிப் பேசவேண்டுமென்று இங்குள்ள தோழர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். "இதென்ன, பகுத்தறிவுக் கூட்டத்தில் விசாவைப்பற்றிப் பேச்சா? ஏஜெண்டு ஆபீசில் பேசவேண்டியதல்லவா இது!" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. ஆனால் சற்று யோசித்துப் பார்த்தால், ஒரு மனிதன் "இவள் என் மகள்" என்று சொல்வதற்கு அத்தாட்சி என்ன, அந்த அத்தாட்சியை யார் ஒப்புக்கொள்வார்கள், எதனால் ஒப்புக்கொள்வார்கள் என்பதைவிடப் பகுத்தறிவுக்கு வேலை தரும் விஷயம் வேறொன்று இருக்க முடியாது.

நான் அதிகம் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன். சட்டம் படித்தவனுமல்ல, வைத்தியம் படித்தவனுமல்ல. என் குடும்பத்தில் இந்தக் கஷ்டம் வந்தபோது, கண்ட புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன். நான் சொல்வதை நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

நான் செய்த தப்பு

முதலில் என் தப்பையே சொல்லிவிடுகிறேன். ஊரிலுள்ளவர்களுடைய மூடத்தனத்தையெல்லாம் மேடையேறிப் பேசுகிறவன், தன் வீட்டிலிருந்த மூடத்தனத்தையும், தானே எழுதிய பொய்யையும் மறைத்துவிட்டுப் பேசினால் அதற்கு யோக்கியதை இல்லை.

என் தங்கைக்கு 2009-ல் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்போதே ஆஸ்பத்திரியில் பிறப்பைப் பதிந்தார்கள். தேதி 14 என்று ஏட்டில் ஏறிற்று. இரண்டு வருஷத்தில் குழந்தையின் தகப்பனார் இறந்துபோனார். என் தங்கை நர்ஸ் வேலை படித்தவள். 2014-ல் மேல்நாடு ஒன்றில் வேலை கிடைத்துப் போனாள். போகும்போது, "அண்ணா, இடம் பிடித்ததும் கூப்பிட்டுக்கொள்கிறேன், அதுவரை பார்த்துக்கொள்" என்று ஐந்து வயதுக் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

இடம் பிடித்தாள். 2017-ல் பிள்ளைக்கு விசா கேட்டு விண்ணப்பம் போட்டோம். சில வாரத்தில் பதில் வந்தது. "இந்தப் பெண் விண்ணப்பத்தில் சொல்லப்பட்டபடி இந்த அம்மாளின் மகள்தான் என்று எங்களுக்குத் திருப்தி ஏற்படவில்லை, ஆகவே மறுக்கப்படுகிறது" என்பதே அதன் சாரம்.

என் தங்கை போனிலே அழுதாள். "வயிற்றில் பத்து மாதம் சுமந்து பெற்றவள் நான், எவனோ ஒருவன் மேஜைமேல் உட்கார்ந்துகொண்டு நீ தாயல்ல என்கிறானே!" என்றாள். எனக்கும் ஆத்திரம் வந்தது. ஆனால் ஆத்திரம் அடங்கியபின், நாங்கள் அனுப்பிய தஸ்தாவேஜுகளை நானே அந்த உத்தியோகஸ்தனுடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதாக எண்ணிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தோழர்களே, நானாயிருந்தாலும் அதை மறுத்துத்தான் இருப்பேன்.

ஏன் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிச் சான்றில் பிறந்த தேதி 14. பள்ளிக்கூடச் சான்றில் 16. ஆஸ்பத்திரிச் சான்றில் குழந்தையின் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை, காலியிடம். தாய் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயர், பாஸ்போர்ட்டிலோ முழுப்பெயர். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளிக்கூடச் சான்றில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது!

16-ம் தேதி எங்கிருந்து வந்தது?

குழந்தை பிறந்த நட்சத்திரம் மூலமாம். "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று ஒரு பழமொழி இருக்கிறதல்லவா? அதைக் கேட்ட என் தாயாருக்கு வயிற்றில் நெருப்பு. நாளைக்கு இவளை யார் கட்டுவான், மாமனாருக்கு ஆகாது என்பானே என்று சோதிடரிடம் ஓடினார்கள். சோதிடர் கைவசம் பரிகாரம் இல்லாத வியாதி உண்டா? "ஜாதகத்தை மாற்றி எழுதிவிட்டால் போகிறது" என்றார். முன்னால் ஒரு நாள் தள்ளினால் கேட்டை. அது மூத்த மைத்துனனுக்கு ஆகாதாம். பின்னால் ஒரு நாள் தள்ளினால் பூராடம். அது "நூலாடாது", அதாவது தாலி நிற்காதாம். ஆகவே இரண்டு நாள் தள்ளி உத்திராடத்தில் கொண்டுபோய் வைத்தார். 14 என்பது 16 ஆயிற்று.

வேடிக்கையைப் பாருங்கள். பிறந்த நேரத்தின் கிரக நிலைதான் தலையெழுத்தை நிச்சயிக்கிறது என்பது சோதிடம். அந்த நேரத்தையே காசு வாங்கிக்கொண்டு மாற்றுகிறவரும் சோதிடர்! கிரகங்கள் உண்மையில் பலன் தருமானால், அவை நிஜமாய்ப் பிறந்த நாளைப் பார்த்துத் தருமா, சோதிடர் எழுதிய நாளைப் பார்த்துத் தருமா? எழுதிய நாளைப் பார்த்தென்றால் கிரகங்களுக்குக் கண்ணில்லை. நிஜ நாளைப் பார்த்தென்றால் மாற்றி எழுதிய ஜாதகத்தால் பயனில்லை. இந்தச் சாதாரணக் கேள்வியை என் வீட்டிலேயே நான் கேட்கவில்லை. "வயதானவர்கள், போகட்டும்" என்று இருந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஆஸ்பத்திரிக் காகிதத்தைத் தேடச் சோம்பல். கையருகில் ஜாதகம் இருந்தது. அதிலுள்ள தேதியைச் சொல்லிவிட்டேன்.

தகப்பன் பெயருக்கு வருவோம். சேர்க்கைப் படிவத்தில் தகப்பன் பெயர் என்று கேட்டிருந்தது. நான் என் பெயரை எழுதினேன். ஏன்? "உன் அப்பா எங்கே?" என்று மற்றப் பிள்ளைகள் கேட்டால் குழந்தை முகம் சுருங்குமே என்ற எண்ணம். அதைவிட, தகப்பனை விழுங்கிய பெண், மூல நட்சத்திரக்காரி என்று ஊர் பேசுமே என்ற பயம். அன்பினால் பாதி, வெட்கத்தினால் பாதி. எப்படியானாலும் அது பொய். நான் என் கையால் எழுதிய பொய் மூன்று வருஷம் கழித்து அந்தக் குழந்தைக்கும் அதன் தாய்க்கும் நடுவே மதிலாக நின்றது.

இப்போது உத்தியோகஸ்தன் பக்கத்திலிருந்து பாருங்கள். பள்ளிக்கூட ஏட்டின்படி இந்தப் பெண் அண்ணனுடைய மகள். வெளிநாட்டிலிருப்பவளோ அத்தை. அண்ணன் மகளைத் தன் மகளென்று சொல்லி அத்தை அழைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று நினைப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கேள்வி கேட்டு உண்மை காணுதல்

இந்தச் சந்தேகம் புதிதல்ல. அமெரிக்காவில் 1882-ல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாதென்று ஒரு சட்டம் செய்தார்கள். ஆனால் அமெரிக்கப் பிரஜையாயுள்ள சீனருடைய பிள்ளைகள் வரலாம். 1906-ல் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் பெரிய பூகம்பம் வந்து, அதைத் தொடர்ந்த தீயில் பிறப்பு ஏடுகள் எரிந்துபோயின. ஏடில்லாது போகவே, "நான் இங்கேயே பிறந்தவன், சீனாவில் எனக்கு இத்தனை பிள்ளைகள்" என்று அனேகர் எழுதிக் கொடுத்தார்கள். அந்த எழுத்தைக் காட்டி, சொந்தப் பிள்ளையல்லாதவர்களும் பிள்ளையென்று வந்தார்கள். அவர்களுக்குக் காகிதப் பிள்ளைகள் என்றே பெயர் வந்துவிட்டது.

சர்க்கார் என்ன செய்தது? ஏஞ்சல் தீவு என்னுமிடத்தில் 1910 முதல் 1940 வரை ஒரு நிலையம் வைத்து, வருகிறவர்களை அடைத்துவைத்துக் கேள்வி கேட்டது. உன் வீட்டுக்கு எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கிறது? உன் வரிசையில் மூன்றாம் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்? மகன் சொன்னதும் தகப்பன் சொன்னதும் ஒத்துப்போக வேண்டும். வாரக்கணக்காக, மாதக்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள். பொய்ப் பிள்ளைகள் கேள்வியும் பதிலும் எழுதிய காகிதத்தைக் கப்பலிலே மனப்பாடம் செய்துவிட்டுக் கடலில் எறிந்துவிடுவார்கள். மெய்யான பிள்ளையோ தன் வீட்டுப் படியை என்றைக்கு எண்ணிப் பார்த்தான்? மனப்பாடம் செய்தவன் தேறினான். சொந்த மகன் தடுமாறினான். இங்கே இருக்கிற உங்களில் எத்தனை பேருக்கு உங்கள் வீட்டு மாடிப்படி எத்தனை என்று தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! ஒருவர் இருவர்தான் தூக்குகிறீர்கள். நீங்களெல்லாம் உங்கள் தகப்பனாருக்குப் பிறக்கவில்லை என்று சொல்லிவிடலாமா?

இங்கிலாந்திலும் இப்படித்தான். பங்களாதேசம், பாகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து தகப்பனிடம் போக விண்ணப்பித்த பிள்ளைகளைத் தனித்தனியே விசாரித்து, மாடு எத்தனை, மாமன் எத்தனை என்று கேட்டு, பதில் முரணினால் மறுத்துவிடுவது வழக்கமாயிருந்தது.

உடம்பே சாட்சி சொன்னது

இந்தக் கேள்விமுறைக்கு முடிவு கட்டும்படியான ஒரு சங்கதி 1984-ல் நடந்தது. இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்கிற விஞ்ஞானி அந்த வருஷம் செப்டம்பர் 10-ம் தேதி ஒன்றைக் கண்டுபிடித்தார். நம் உடம்பின் பெரும்பாலான அணுவறைகளில் டி.என்.ஏ. என்று ஒரு நீண்ட இழை இருக்கிறது. அதில் சில இடங்களில் ஒரே எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வரும். அது எத்தனை தரம் வருகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும்.

அந்தக் கண்டுபிடிப்பு முதன்முதல் பயன்பட்டது ஒரு கொலைக் கேசில் அல்ல. 1985-ல் ஒரு தாய்க்கும் மகனுக்கும்தான் பயன்பட்டது. இங்கிலாந்தில் பிறந்து, கானா நாட்டுக்குப் போய்விட்டு, தாயிடம் திரும்பிவந்த ஒரு பையனை, "இவன் உன் மகனல்ல, உன் சகோதரியின் மகனாயிருக்கலாம்" என்று உத்தியோகஸ்தர்கள் சந்தேகித்தார்கள். சாதாரண ரத்தப் பரிசோதனை செய்தார்கள். உறவு இருக்கிறதென்று அது காட்டிற்று. தாயா, சிறிய தாயாரா என்று அதனால் சொல்ல முடியவில்லை. தகப்பனோ கிடைக்கவில்லை. ஜெஃப்ரீஸ், தாயின் ரத்தத்தையும், யாரும் சந்தேகிக்காத மற்ற மூன்று பிள்ளைகளின் ரத்தத்தையும் எடுத்து, அந்த மூவரிடமிருந்து தகப்பனுக்கு என்ன இருந்திருக்க வேண்டுமென்று கணக்கிட்டு, இந்தப் பையனுக்கு உள்ளது எல்லாம் அந்தத் தாய் தகப்பனிடமிருந்தே வந்ததென்று காட்டினார். வழக்கு முடிந்தது, பையன் தாயிடம் தங்கினான்.

பிறகு 1980-களின் கடைசியில், முன்பு பொய்யென்று மறுக்கப்பட்ட குடும்பங்களைச் சோதித்துப் பார்த்தபோது, பெரும்பாலோர் சொன்னது மெய்யென்றே ஏற்பட்டது. ஆனால் என்ன பயன்? பத்து வயதில் மறுக்கப்பட்ட பையன் மெய்ப்பிக்கப்பட்டபோது இருபது வயதாகிவிட்டான். "நீ மகன்தான்; ஆனால் பிள்ளையென்று வரும் வயது கடந்துவிட்டது" என்றார்கள். உண்மை வெளிப்பட்டால் மட்டும் போதாது, காலத்தில் வெளிப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம்?

இந்தச் சோதனையை இப்போது எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லுகிறேன். ரத்தம் கூட வேண்டியதில்லை. பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவி எடுக்கிறார்கள். பதினைந்து, இருபதுக்கு மேற்பட்ட இடங்களை ஒத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் நமக்கு இரண்டு எண். ஒன்று தாய் கொடுத்தது, ஒன்று தகப்பன் கொடுத்தது. ஓர் இடத்தில் தாய்க்கு 12-ம் 15-ம் இருந்து, பிள்ளைக்கு 15-ம் 17-ம் இருந்தால், 15 தாய் வழி, 17 தகப்பன் வழி. இப்படி எல்லா இடத்திலும் தாயின் எண்ணில் ஒன்று பிள்ளையிடம் இருக்கவேண்டும். அத்தையாயிருந்தால் சில இடங்களில் ஒக்கும், சில இடங்களில் ஒக்காது. இதில் மந்திரமில்லை, தந்திரமில்லை; கூட்டலும் கழித்தலும்தான். இதைச் செய்கிறவர் ஆஸ்திகராயிருந்தாலும் நாஸ்திகராயிருந்தாலும் எண் ஒன்றுதான் வரும். எட்டுச் சோதிடர்களிடம் ஒரு ஜாதகத்தைக் கொடுத்து ஒரே பலன் வாங்கிவர முடியுமா?

சோதனைச்சாலை நூற்றுக்கு இத்தனை பங்கு நிச்சயம் என்று எழுதிக் கொடுக்கும். அமெரிக்காவில் 99.5-க்குக் குறையக்கூடாது, கனடாவில் 99.8 வேண்டும். நாமே கடையில் பெட்டி வாங்கி எச்சிலைத் தடவி அனுப்பினால் செல்லாது. அவர்கள் ஒப்புக்கொண்ட சோதனைச்சாலையின் மூலம், ஆள் அடையாளம் பார்த்து, சாட்சி முன்னிலையில் எடுக்கவேண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். சோதனை நல்லதென்பதால் சர்க்கார் யாரையும் கட்டாயப்படுத்தலாம் என்று அர்த்தமல்ல. இங்கிலாந்தில் அதைக் கட்டாயமாகக் கேட்கச் சட்டத்தில் அதிகாரமில்லாதிருந்தும் சிலரிடம் கேட்டுவிட்டார்கள். 2018-ல் அந்நாட்டு உள்துறை மந்திரி பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். பிரான்சில் 2007-ல் இதற்கொரு சட்டப்பிரிவு செய்து, பலத்த கண்டனம் எழுந்து, அதை அமலுக்குக் கொண்டுவராமலே 2009-ல் கைவிட்டார்கள். விஞ்ஞானம் மனிதனுக்கு வேலைக்காரனாக இருக்கவேண்டுமேயொழிய, அதிகாரியின் கைச் சவுக்காக ஆகக்கூடாது.

ரத்தம் மட்டுமா உறவு?

இங்கே ஒரு ஆட்சேபணை சொல்லலாம். "டி.என்.ஏ. எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றால், வளர்த்தவனுக்கு உறவே இல்லையா?" என்பது. இது நியாயமான கேள்வி.

2008-ல் அமெரிக்க சர்க்கார், ஆப்பிரிக்காவிலிருந்து உறவினரிடம் வர விண்ணப்பித்த அகதிக் குடும்பங்களைச் சோதித்துப் பார்த்து, சொன்ன உறவு பொருந்தாதவை மிகுதியென்று அந்த வழியையே நிறுத்திவிட்டது. 2012-ல் சோதனைக்குட்பட்டுத்தான் மறுபடியும் திறந்தது. பொய் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் யுத்தத்தில் அண்ணன் செத்தான், அவன் பிள்ளையைத் தம்பி எடுத்து வளர்த்தான் என்றால், அந்தத் தம்பி "என் மகன்" என்று சொல்வது எந்த வகைப் பொய்? நான் பள்ளிக்கூடத்தில் எழுதியது எந்த வகைப் பொய்யோ அந்த வகைதான்.

நமது புராணக்காரர்களையே கேளுங்கள். பாண்டவர் ஐவரும் விசாவுக்கு விண்ணப்பம் போட்டால் தகப்பன் பெயரென்று எதை எழுதுவார்கள்? பாண்டு என்று எழுதினால் டி.என்.ஏ. ஒக்காது, எமன், வாயு, இந்திரன் என்று எழுதினால் அவர்கள் கன்னத்தில் பஞ்சு தடவ யார் போவது? கர்ணன் கேசு இன்னும் மோசம். பெற்றவள் ஆற்றில் விட்டாள். தேரோட்டி வீட்டு ராதை வளர்த்தாள். ஆனால் அந்தக் கதையிலேயே அவனுக்கு ராதேயன், அதாவது ராதையின் மகன், என்ற பெயர் வழங்குகிறது. பெற்றவள் வெட்கத்துக்குப் பயந்து மறைத்தாள். வளர்த்தவள் பெயர் நின்றது.

ஆகவே வளர்ப்பும் உறவுதான். ஆனால் அந்த உறவை உள்ளபடி எழுதவேண்டும். வளர்ப்புப் பிள்ளையானால் சட்டப்படி தத்து எடுத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். கார்டியனானால் கார்டியன் என்று எழுதுங்கள். ரத்தத்தின் பெயரால் பொய் எழுதி அன்பைக் காப்பாற்ற முடியாது. அந்தப் பொய் ஒரு நாள் அன்பையே சந்தேகத்துக்குள்ளாக்கும்.

வெட்கமும் பொய்யும்

பொய்த் தஸ்தாவேஜுகள் நம் நாட்டில் எதனால் உண்டாகின்றன? பெரும்பாலும் மோசக்காரர்களால் அல்ல, வெட்கத்தால். விதவை என்ற வெட்கம், கலியாணமாகாமல் பிள்ளை பெற்றாள் என்ற வெட்கம், மலடி தத்தெடுத்தாள் என்ற வெட்கம். இந்த வெட்கத்தை உண்டாக்கியவர்கள் யாரோ, பொய்க்கும் அவர்களே பொறுப்பு.

சட்டமோ மெல்ல மெல்ல முன்னேறுகிறது. கலியாணமாகாத தாய், தகப்பன் பெயரைச் சொல்லாமலே குழந்தைக்குக் கார்டியன் ஆகலாம், பிறப்புச் சான்றும் பெறலாம் என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகளை மாற்றி, தாய் தகப்பன் இருவரில் ஒருவர் பெயர் போதுமென்றார்கள். அதே மாற்றத்தில், சந்நியாசிகள் பெற்றோர் பெயருக்குப் பதிலாகத் தங்கள் குருவின் பெயரைக் கொடுக்கலாம் என்றும் சேர்த்தார்கள்! பெற்ற தாய் தன் பிள்ளையைத் தன் பிள்ளையென்று காட்டுவதற்கு எத்தனை காகிதம், எத்தனை வருஷம். காவி கட்டியவருக்கோ பெற்றவர்களையே மாற்றிக்கொள்ளச் சலுகை. இதைப்பற்றி நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யவேண்டியது

இனி காரியத்துக்கு வருவோம்.

பிள்ளை பிறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள், அதற்குக் கட்டணமில்லை. 30 நாள் வரை சிறு அபராதம். ஒரு வருஷம் கடந்துவிட்டால் மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேண்டும். பல வருஷம் கழித்துப் பதிந்த சான்றை வெளிநாட்டார் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்று ஒன்றே அத்தாட்சியென்று சட்டமாகிவிட்டது.

சான்றில் பிள்ளையின் பெயரை எழுதச் செய்யுங்கள். ஒரு வருஷத்துக்குள் இலவசம்; 15 வருஷம் வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். நல்ல நாள், நல்ல எழுத்து, எண் கணிதம் என்று காத்திருந்து காலியிடமாக விட்டுவிடாதீர்கள்.

தாய் தகப்பன் பெயர் பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். ஓரிடத்தில் இனிஷியல் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் விரித்து எழுதினது என்றிருந்தால், கடலுக்கு அப்பாலுள்ளவனுக்கு அவர் மூன்று ஆட்கள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பிறப்புச் சான்றை எடுத்துக்கொண்டு போங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் தாயோ தகப்பனோ பணம் அனுப்பிய ரசீது, பேசிய விவரம், வந்துபோன படங்கள், தடுப்பூசி அட்டை, குடும்ப அட்டை எல்லாவற்றையும் வைத்திருங்கள். பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று; பிரிந்திருந்தால் சம்மதக் கடிதம் அல்லது கோர்ட்டு உத்தரவு வேண்டும். நோட்டரி முன் எழுதிய பிரமாணப் பத்திரம் இவற்றுக்குத் துணையாகுமேயல்லாமல் இவற்றுக்குப் பதிலாகாது.

வயதையும் கவனியுங்கள். பிள்ளையென்று ஏற்கும் வயது இங்கிலாந்தில் 18-க்குள், அமெரிக்காவில் கலியாணமாகாமல் 21-க்குள், கனடாவில் 22-க்குள். தள்ளிப்போடுகிற ஒவ்வொரு வருஷமும் பிள்ளையின் கணக்கில்தான் கழியும்.

முடிவு

என் தங்கை மகள் கதையை முடித்துவிடுகிறேன். பள்ளிச் சான்றைத் திருத்தினோம். "நான் இந்தப் பெண்ணின் மாமன், தகப்பன் என்று எழுதியது என் தவறு" என்று நானே பிரமாணம் செய்து கையெழுத்திட்டேன். அந்தக் கையெழுத்துப் போடும்போது, நான்கு வருஷமாகத் தகப்பன் ஸ்தானத்தில் இருந்தவனுக்கு மனது சங்கடப்படவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். தாயிடம் அங்கும் மகளிடம் இங்கும் பஞ்சு தடவினார்கள். பார்த்த இடமெல்லாம் ஒத்தது. 2018-ல் விசா வந்தது.

பொய்யால் போன காலம் ஒரு வருஷத்துக்கு மேல். அந்த ஒரு வருஷத்தில் அவள் தாய் இரவு ஷிப்ட் முடித்து வந்து அழுத அழுகைக்கு யார் கணக்கு? என் தாயாரின் மூல நட்சத்திரமும் என் வெட்கமும்தான் கணக்கு.

விமான நிலையத்தில் உள்ளே போகுமுன் அந்தப் பெண், "மாமா, அங்கே பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் கேட்டால் யாரை எழுத?" என்று கேட்டாள். "உன் அப்பா பெயரை எழுது. செத்துப்போனார் என்று சொல். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்றேன். "நீங்கள்?" என்றாள். "நான் மாமன். எந்தப் படிவத்திலும் எனக்கு இடம் வேண்டாம்" என்றேன். இப்போதும் வாரம் தவறாமல் போனில் கூப்பிடுகிறாள். அதற்கு எந்தச் சான்றும் வேண்டியிருக்கவில்லை.

தோழர்களே! நீங்கள் இன்றிரவு வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து உங்கள் பிள்ளைகளின் சான்றுகளை எடுத்து ஒன்றுக்கொன்று ஒத்துப் பாருங்கள். தேதி ஒக்கிறதா, பெயர் ஒக்கிறதா, உண்மையோடு ஒக்கிறதா என்று பாருங்கள். ஒக்காவிட்டால் நாளைக்கே திருத்த முயலுங்கள். உங்கள் பிள்ளை வெளிநாடு போனாலும் போகாவிட்டாலும், உண்மையை எழுதிவைப்பதில் நஷ்டமில்லை.